'தெசபரெசிதோ': ஓர் எச்சச் சொல்லின் கதை

வேற்றுமொழி ஒன்றைக் கற்கப் புகுந்தோர் அனைவரும் அறிவர், பெயர்ச்சொற்கள் நம்மை அவ்வளவாகத் துன்புறுத்துவதில்லை என்று. ஸ்பானிய மொழியில் 'மேசா' என்றால் மேசை. போர்ச்சுகீசியர் வாயிலாக நம் வீட்டுக்குள் வந்துவிட்ட அதே சொல்தான். வினைச்சொற்களிடம் வரும்போதுதான் தலைவலி தொடங்குகிறது. அவற்றுள்ளும் எச்சங்கள் பொல்லாதவை.

கல்லூரியில் இளங்கலைத் தமிழ் பயின்ற நாளில், சென்னையில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்து இரண்டாண்டுக் காலம் ஸ்பானிய மொழி கற்றேன். "தமிழ் படிப்பவனுக்கு ஸ்பானியம் எதற்கு?" என்று நண்பர்கள் நகையாடினர். எனக்கே அதற்கு விடை தெரியாது. ஆனால் அவ்வகுப்பில் ஒரே ஒரு சொல்லை மொழிபெயர்க்கத் தெரியாமல் நான் விழித்த விழிப்பும், அதன்பின் அச்சொல்லைத் தொடர்ந்து சென்று அறிந்தவையும் நம் மாணவர்களுக்குப் பயன்படக்கூடும் என்றெண்ணி இக்கட்டுரையை எழுதுகிறேன். இலக்கணக் கட்டுரை என்று அஞ்சிப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. இலக்கணம் சிறிதளவே வரும்.

ஸ்பானிய மொழியில் இறந்தகால எச்சம் என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் 'ஆதோ' என்றோ 'இதோ' என்றோ முடியும். 'ஆப்லார்' என்றால் பேசுதல். அதன் எச்சம் 'ஆப்லாதோ'. 'கொமேர்' என்றால் உண்ணுதல். அதன் எச்சம் 'கொமிதோ'. சில சொற்கள் மட்டும் இவ்விதிக்கு அடங்காமல் திரியும். செய்தல் எனப் பொருள்படும் 'ஆசேர்' என்பதன் எச்சம் 'எச்சோ'. (எச்சத்துக்கு 'எச்சோ' என்று பெயர் கிடைத்ததை எண்ணி முதல் வாரம் முழுவதும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.) 'எச்சோ' செய்யப்பட்டது என்னும் பொருளோடு நில்லாமல், பெயராகி, 'நடந்த உண்மை' என்ற பொருளையும் தரும். நம் 'செய்' என்னும் வினையிலிருந்து 'செய்தி' பிறந்ததை நினைத்துக்கொண்டால் இது வியப்பாகத் தோன்றாது.

நாம் 'செய்து' என வினையெச்சமாகவும், 'செய்த' எனப் பெயரெச்சமாகவும், 'செய்தவர்' என வினையாலணையும் பெயராகவும் மூன்று வடிவங்கள் வைத்திருக்கிறோம். ஸ்பானியர் ஏறக்குறைய இம்மூன்று வேலைகளையும் ஒரே சொல்லின் தலையில் கட்டிவிட்டனர். 'ஆபேர்' என்னும் துணைவினையோடு வந்தால் நம் 'செய்திருக்கிறான்' போன்ற பொருள். அப்போது சொல் எதற்கும் மாறாது. பெயருக்கு அடையாக வந்தால் ஆண்பால், பெண்பால், ஒருமை, பன்மைக்கேற்ப 'ஓ', 'ஆ', 'ஓஸ்', 'ஆஸ்' என்று ஈறு மாறும். பெயராகவே நின்றால் ஆளையோ பொருளையோ குறிக்கும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

நிற்க. இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 'புலி கொன்ற யானை' என்ற தொடரை வகுப்பில் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். கொன்றது எது, இறந்தது எது என்பது சொல்லைக்கொண்டு தெரியாது. நம் பெயரெச்சம் எழுவாயையும் தழுவும், செயப்படுபொருளையும் தழுவும். ஸ்பானிய எச்சம் அப்படியன்று. செயப்படுபொருள் குன்றாத வினையிலிருந்து பிறந்தால் அது செயலுக்கு உள்ளானதையே சுட்டும்; 'எச்சோ' என்றால் செய்யப்பட்டதுதான், செய்தவனல்லன். செயப்படுபொருள் குன்றிய வினையிலிருந்து பிறந்தால் அச்செயலைத் தானே நிகழ்த்தியவரைச் சுட்டும். 'யெகாதோ' என்றால் வந்தவர், தாமாக வந்தவர். விதிவிலக்குகள் இல்லாமலில்லை. 'லெயீதோ' என்றால் படிக்கப்பட்டது; ஆனால் 'லெயீதோ மனிதர்' என்றால் நிறையப் படித்தவர். நம் 'படித்தவர்' போலவே. இருந்தாலும் விதி விதிதான்.

இனி நம் சொல்லுக்கு வருவோம். 'அபரெசேர்' என்றால் தோன்றுதல். அதன் முன் 'தெஸ்' என்னும் எதிர்மறை ஒட்டைச் சேர்த்தால் 'தெசபரெசேர்', மறைதல். அதன் எச்சம் 'தெசபரெசிதோ'. மறைதல் செயப்படுபொருள் குன்றிய வினை. ஆகவே 'தெசபரெசிதோ' என்றால் மறைந்தவர், காணாமற் போனவர்.

அன்றாட வழக்கில் இச்சொல்லால் யாருக்கும் தீங்கில்லை. தெருவில் தொலைந்த நாய்க்கும் அதே சொல். கடலில் கவிழ்ந்த கப்பலில் உடல் கிடைக்காதவர்களுக்கும், போர்க்களத்திலிருந்து திரும்பாத வீரர்களுக்கும் அதே சொல். அழிந்துபோன நகரம், வழக்கொழிந்த மொழி, நின்றுபோன நாளேடு ஆகியவற்றுக்கும் அதுவே அடைமொழி. இதில் நம்மவர் மனத்தைத் தொடும் பொருள் மற்றொன்று. செய்தித்தாளில் 'தெசபரெசிதோ நடிகர்' என்று எழுதினால் காலமான நடிகர் என்று பொருள். நாம் 'மறைந்த தலைவர்' என்று எழுதுகிறோம் அல்லவா, அப்படியே. 'செத்த' என்று சொல்ல நா எழாத இடத்தில் இரண்டு மொழிகளும் ஒரே மறைவில் ஒதுங்கியிருக்கின்றன.

இவற்றையெல்லாம் நான் பின்னால் அறிந்தேன். வகுப்பில் நிகழ்ந்தது வேறு. எங்கள் ஆசிரியை ஒருநாள் கரும்பலகையில் ஒரு தாய் கூறுவதாக ஒரு வாக்கியம் எழுதித் தமிழாக்கச் சொன்னார். 'மி இஹோ எஸ்தா தெசபரெசிதோ' என்று தொடங்கி, 1976 முதல் என்று முடிந்தது. அகராதி கையில் இருக்க எனக்கென்ன குறை? 'என் மகன் 1976இல் காணாமற் போனான்' என்று எழுதி முதல் ஆளாகக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தம்பி, அவன் தானாகவா போனான்?" என்று கேட்டார்.

அவ்வாக்கியத்தின் ஆண்டை நான் கவனிக்கத் தவறியிருந்தேன். 1976 மார்ச் 24 அன்று அர்ஜென்டினாவில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1983 வரை நீடித்த அவ்வாட்சியில் தொழிற்சங்கத்தார், மாணவர், ஆசிரியர், எழுத்தாளர் எனப் பல்லாயிரவர் வீடுகளிலிருந்தும் தெருக்களிலிருந்தும் தூக்கிச் செல்லப்பட்டனர். மறைவிடங்களில் வதைக்கப்பட்டனர். பலரை மயக்க ஊசி போட்டு விமானத்திலிருந்து கடலில் வீசினர். உறவினர் சென்று கேட்டால் காவல் நிலையத்தில் பெயர் இல்லை, சிறையில் பெயர் இல்லை, பிணவறையிலும் பெயர் இல்லை. மக்களாட்சி மீண்டபின், எழுத்தாளர் எர்னெஸ்தோ சபாத்தோ தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 1984 செப்டம்பரில் தந்த அறிக்கை, 8,960 பேரின் வழக்குகளைப் பதிவு செய்தது. மனித உரிமை அமைப்புகள் 30,000 என்கின்றன. ஏறத்தாழ 340 மறைவுச் சிறைகள் இருந்தனவாம். 'நூன்கா மாஸ்', அதாவது 'இனி ஒருபோதும் வேண்டா' என்பது அவ்வறிக்கையின் பெயர்.

இவர்களுக்கெல்லாம் நாட்டில் வழங்கிய பெயர் 'லோஸ் தெசபரெசிதோஸ்'. இலக்கண விதியை மீண்டும் எண்ணிப் பாருங்கள். குன்றிய வினையின் எச்சம், செயலைத் தானே நிகழ்த்தியவரைச் சுட்டும். அப்படியானால் இவர்கள் தாமாகவே மறைந்தவர்கள் ஆகின்றனர். தூக்கிச் சென்றவனுக்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை. 1979 டிசம்பரில் செய்தியாளர் ஒருவர் இதுபற்றிக் கேட்டபோது, ஆட்சித் தலைவர் விதேலா கூறிய விடை பெயர்போனது. காணாமற் போனவர் ஒரு புதிர். அவர் உயிரோடும் இல்லை, இறந்தும் இல்லை. அவருக்கென ஓர் இருப்பே இல்லை என்ற கருத்தில் அவர் பேசினார். நான் அறிந்தவரை, ஓர் எச்சச் சொல்லின் பின்னால் ஓர் அரசாங்கமே ஒளிந்துகொண்டதற்கு இதைவிடப் பெரிய சான்று இல்லை.

அதே 1979இல் ஒரு சட்டமும் வந்தது. காணாமற் போனோரை இறந்தவராகக் கருதி நீதிமன்றம் அறிவிக்கலாம் என்றது அது. குடும்பத்தார் கேட்காவிட்டாலும் அரசே கேட்கலாமாம்! அன்னையர் ஏற்கவில்லை. எப்படி இறந்தான், யார் கொன்றார் என்று சொல்லாமல் 'இறந்தான்' என்று மட்டும் எழுதித் தரும் தாளை அவர்கள் வாங்க மறுத்தனர்.

அந்த அன்னையரைப் பற்றிச் சொல்லாமல் இச்சொல்லின் கதை நிறைவு பெறாது. 1977 ஏப்ரல் 30ஆம் நாள், புவெனோஸ் ஐரிஸ் நகரில் ஆட்சி மாளிகைக்கு எதிரிலுள்ள மே சதுக்கத்தில் 14 பெண்கள் கூடினர். கூட்டமாக நிற்கக் கூடாது, நகருங்கள் என்றனர் காவலர். நகரத்தானே சொன்னார்கள்? இருவர் இருவராகக் கைகோத்து, சதுக்கத்தின் நடுவிலிருந்த தூணைச் சுற்றி நடக்கத் தொடங்கினர். அன்று தொடங்கிய அந்நடை பின்னர் ஒவ்வொரு வியாழனும் மாலை மூன்றரை மணிக்கு என்று நிலைபெற்றது. தலையில் வெள்ளைத் துணி. முதலில் அது குழந்தைகளுக்குக் கட்டும் அரைத்துணியாகவே இருந்தது. அவர்களை ஒன்றுசேர்த்தவர் அசுசேனா வில்யாஃப்ளோர் என்னும் அம்மையார். மகனைத் தேடிப் புறப்பட்ட அவரையும் 1977 டிசம்பர் 10 அன்று தூக்கிச் சென்றனர். கடல் கரையில் ஒதுக்கிய உடல் பெயரின்றிப் புதைக்கப்பட்டது. 2005இல்தான் தடயவியல் மானிடவியலார் எலும்புகளை ஆய்ந்து அது அவருடையதே என்று கண்டறிந்தனர். அவர் சாம்பல் இப்போது அதே சதுக்கத்தில் உள்ளது.

சொல்லுக்கு மீள்வோம். செய்தவனை மறைக்கும் சொல்லை மக்கள் என்ன செய்தனர்? இங்கேதான் எனக்கு வியப்பு. அவர்கள் அச்சொல்லைக் கைவிடவில்லை, வளைத்துவிட்டனர்.

சிலியில் 1973 செப்டம்பர் 11 அன்று ஆட்சி கவிழ்க்கப்பட்ட பின் இதே கொடுமை நிகழ்ந்தது. அங்குள்ள உறவினர் 'தெத்தெனிதோஸ் தெசபரெசிதோஸ்' என்று இரண்டு எச்சங்களைச் சேர்த்து வழங்கினர். 'தெத்தெனிதோ' என்றால் கைது செய்யப்பட்டவர். அது குன்றா வினையின் எச்சம். கைது செய்யப்பட்டவர் என்றால் கைது செய்தவன் ஒருவன் இருந்தே தீரவேண்டும். முதற்சொல்லில் அவனைக் கூண்டில் ஏற்றிவிட்டு, பிறகே இரண்டாம் சொல்லைச் சொன்னார்கள். அந்நாட்டில் ஆணும் பெண்ணும் இணைந்து ஆடும் 'குவேக்கா' என்னும் நடனத்தைப் பெண்கள் தனியே ஆடிக்காட்டியதும் இதே பொருளில்தான். துணை நிற்கவேண்டிய இடம் வெறிதாயிருக்கும்; மார்பில் குத்திய படத்தில் மட்டும் அவன் இருப்பான்.

மற்றொரு வளைவு இன்னும் துணிவானது. மறைதல் குன்றிய வினை என்றேன். ஒருவரை மறையச் செய்தல் என்று சொல்லவேண்டுமானால் 'ஆசேர் தெசபரெசேர்' என்று துணைவினை சேர்ப்பதே பழைய இலக்கணம். இலத்தீன் அமெரிக்க மக்களோ 'லோ தெசபரெசியேரோன்' என்று சொல்லலாயினர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'அவனை மறைந்தார்கள்' என்று வரும். தமிழில் எழுதினால் தேர்வுத்தாளில் சுழித்துவிடுவோம். ஆனால் அந்தப் பிழையில்தான் செய்தவர்கள் எழுவாயாக வந்து நிற்கிறார்கள்! இதற்கு முன்னோடியும் உண்டு. 'முவெர்த்தோ' என்பது இறந்தவர் எனப் பொருள்படும் எச்சம். ஆனால் 'ஃபுவே முவெர்த்தோ' என்றால் 'கொல்லப்பட்டார்' என்று பழைய ஏட்டு வழக்கில் பொருள். சாவுக்கு மொழி முன்பே திறந்துவைத்த கதவு வழியாகத்தான் இச்சொல்லும் நுழைந்தது எனலாம்.

இங்கே ஸ்பானியத்தின் இரண்டு 'இரு' வினைகளைப் பற்றி ஒரு சொல். 'எஸ்தார்' நிலையைச் சொல்லும். 'செர்' எச்சத்தோடு சேர்ந்தால் செயலைச் சொல்லும். நம் மொழியில் 'கதவு திறந்திருக்கிறது', 'கதவு திறக்கப்பட்டது' என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அது. 'எஸ்தா தெசபரெசிதோ' என்றால் காணாத நிலையில் இருக்கிறான், இன்றும். 'ஃபுவே தெசபரெசிதோ' என்றால் காணாமல் ஆக்கப்பட்டான். முன்னதில் முடிவில்லாத நிகழ்காலம். பின்னதில் ஒரு குற்றவாளி. தாய்மார்க்கு இரண்டும் வேண்டியிருந்தன.

எதிர்ச்சொல்லைப் பார்ப்போம். 'தெஸ்' என்பதை நீக்கினால் 'அபரெசிதோ'. தோன்றியவர், திரும்பி வந்தவர் என்று பொருள் இருக்கவேண்டும் என்றுதானே எண்ணுவீர்கள்? பெயராக நிற்கும்போது அதற்குப் பேய், ஆவி என்றே பொருள்! காணாமற் போனவனின் எதிர்ப்பதம் ஆவியாக அமைந்துவிட்ட மொழியில், தாய்மார் 1980 அளவில் எழுப்பிய முழக்கம் 'அபரிசியோன் கோன் வீதா', உயிரோடு தோன்றவேண்டும் என்பது. 'உயிரோடு' என்ற அடை அங்கே அணிக்காகச் சேர்த்ததன்று. சிறைப்பட்ட தாய்மாருக்குப் பிறந்து வேற்றுக் குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்ட குழந்தைகளைப் பாட்டிமார் தேடிக் கண்டுபிடித்து வருகின்றனர். இதுவரை 130க்கு மேற்பட்டோர் தம் உண்மைப் பெயரை அறிந்துள்ளனர். அவர்களை 'அபரெசிதோ' என்று யாரும் அழைப்பதில்லை. 'ரெகுபெராதோ', மீட்கப்பட்டவர் என்கின்றனர். இதுவும் எச்சமே.

பின்னர் சட்டங்களும் மக்கள் வழக்கைப் பின்தொடர்ந்தன. 1994இல் அர்ஜென்டினா, 'வலுக்கட்டாயமாக மறைக்கப்பட்டதால் இல்லாதிருப்பவர்' என்றொரு புதிய நிலையை வகுத்தது. இறந்தவர் என்று கையொப்பமிடாமலே சொத்து, திருமணம் முதலியவற்றைத் தீர்த்துக்கொள்ள அது வழி செய்தது. இக்கொடுமைக்கு எதிரான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 2006இல் ஏற்கப்பெற்று 2010இல் நடைமுறைக்கு வந்தது. மெக்சிகோவின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லாராய்ச்சி செய்வோர்க்கு விருந்து. குற்றம் நிகழ்ந்ததாகக் கருதத்தக்க இடத்தில்தான் 'தெசபரெசிதா' என்ற சொல். குற்றக் குறிப்பில்லாமல் இருப்பிடம் மட்டும் தெரியாவிட்டால் 'இடமறியாதவர்' என வேறு சொல். ஒருகாலத்தில் தொலைந்த நாய்க்கும் உரியதாயிருந்த சொல் சட்டத்தில் குற்றத்தின் பெயராகிவிட்டது. அந்நாட்டுப் பதிவேட்டில் 2022இல் அவ்வெண்ணிக்கை ஒரு இலட்சத்தைக் கடந்தது. 2014 செப்டம்பரில் அயோட்சினாப்பா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியைச் சேர்ந்த 43 மாணவர்கள் காணாமல் ஆக்கப்பட்டதும் அங்கேதான். நம்மைப் போல் கல்லூரியில் படித்தவர்கள்.

இவ்வளவும் எங்கோ தொலைவில் நடந்தது என்று நான் எண்ணியிருந்தேன். பிறகு இலங்கைத் தமிழ் ஏடுகளைப் படித்தபோது திடுக்கிட்டேன். அங்கும் முன்பு 'காணாமற்போனோர்' என்றே எழுதினர். உறவுகளைத் தேடும் குடும்பத்தார் அதை ஏற்காமல் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்கின்றனர். 'வலிந்து' என்ற அடையும் சேர்வதுண்டு. 'போ' என்னும் குன்றிய வினையை எடுத்துவிட்டு, 'ஆக்கு' என்னும் பிறவினையை வைத்து, 'படு' சேர்த்துச் செயப்பாட்டு வினையாக்கி, அதனை வினையாலணையும் பெயராக முடித்திருக்கிறார்கள். ஸ்பானியத்தைப் பார்த்துச் செய்ததென்று நான் சொல்ல வரவில்லை. துயரம் ஒன்றாக இருந்ததால் இலக்கணமும் ஒரே வழியில் சென்றது போலும். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கு அமைந்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயரிலோ 'காணாமற்போன' என்றே இருக்கிறது. 2017 பிப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் படங்களை ஏந்தி அமர்ந்த தாய்மாரின் பதாகைகளில் 'ஆக்கப்பட்ட' என்று இருக்கிறது. இரண்டு சொற்களுக்குள் எவ்வளவு பெரிய வழக்கு நடக்கிறது!

அன்று வகுப்பில் நான் திருத்தி எழுதினேன். 'என் மகன் 1976இல் காணாமல் ஆக்கப்பட்டான்' என்றேன். ஆசிரியை 'எஸ்தா' என்ற சொல்லின்மேல் விரல் வைத்து, "இது எங்கே?" என்றார். மீண்டும் அடித்துவிட்டு, 'என் மகன் 1976 முதல் காணாமல் ஆக்கப்பட்டிருக்கிறான்' என்று எழுதினேன். "தமிழில் இப்படிச் சொல்வோமா?" என்று நானே அவரைக் கேட்டேன். "அந்தத் தாய் சொல்கிறாளே" என்று கூறிவிட்டு அடுத்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதத் தொடங்கினார்.